பெயர் கேளாது விளையாடுக

 

மூன்றகவை மகவைக் கண்டதும் நாம் கேட்பது, "இது என்ன நிறம்?" என்பதே. விருந்தினர் முன் நிறுத்தி, 'ரெட்டு', 'புளூ' என்று ஒப்புவிக்கச் செய்து மகிழ்வாரும் உளர். அவ்வினா கற்பித்தல் அன்று, தேர்வு. கற்பியாமலே தேர்வு வைக்கின்றோம்.

செருமானியக் கல்வியறிஞர் புரோபெல், 1837ஆம் ஆண்டு பிளாங்கன்பர்க்கு என்னும் சிற்றூரில் இளஞ்சிறார்க்கான விளையாட்டுப் பொருள்களை ஆக்கத் தொடங்கினார். அவற்றுள் முதலாவது, ஆறு நிறக் கம்பளிநூற் பந்துகள். அடுத்தது, மரத்தாலான உருண்டை, உருளை, ஆறுமுகக் கட்டை. உருட்டியும் அடுக்கியும் கை அறிந்த பின்னரே வாய்க்குப் பெயர்.

இவற்றை விலைகொடுத்து வாங்க வேண்டா. அம்மிக் குழவி ஒருபுறமாகவே உருளும், எலுமிச்சை எப்புறமும் உருளும், தீப்பெட்டி உருளாது. மகவே உருட்டிப் பார்க்கட்டும். வளைந்திருப்பது வளையல், கோணியிருப்பது கோணம். சொல்லே வடிவைக் காட்டும் மொழி நம்முடையது. 'சர்க்கிள்' என்றால் பிள்ளை உருப்போடுவதன்றி வேறென் செய்யும்? நிறத்திற்கு இலை, பூ, காய், துணித்துண்டு போதும். குன்றிமணியை மட்டும் கொடாதீர்கள். கண்ணுக்கு அழகே, ஆயினும் மென்று விழுங்கின் கொடுநஞ்சு.

ஒன்று சொல்வேன். 'பச்சைக் குழந்தை' என்று நான் கூற, என் பெயர்த்தி, "தாத்தா, தம்பி பச்சையாக இல்லையே!" என்றாள். ஒரு சொல்லுக்குள் நிறமும் இளமையும் இருப்பதை அன்று அவளுக்கு விளக்க நான் பட்ட பாடு பெரிது!

இனி, என் பிழையைக் கூறுகிறேன். ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகட்கு முன் என் வகுப்பில் ஒரு சிறுவன் மரம் வரைந்தான். இலைகளுக்கெல்லாம் செம்பழுப்புத் தீட்டியிருந்தான். "பச்சை எங்கேயடா?" என்றேன். "இதுதான் ஐயா" என்றான். குறும்பு என்று கருதி அடித்தேன். மறுநாளும் அவ்வாறே தீட்டினான், மறுநாளும் அடித்தேன். அவனுக்குப் பிறவியிலேயே நிறம் பிரித்தறிய இயலாக் குறை உண்டென்பது பின்னரே தெரிந்தது. நான் அடித்தது, அவன் கண்டதை உண்மையாகச் சொன்னதற்காக!

1875ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு இலாகர்லுண்டாவில் இரு தொடர்வண்டிகள் மோதின. விளக்கின் நிறம் அறியாமையே அதற்கு ஏதுவாகலாம் என எண்ணிய ஓல்ம்கிரன் என்னும் உடலியலறிஞர், தொடர்வண்டிப் பணியாளரை ஆய்ந்தறிய ஒரு முறை வகுத்தார். நிறத்தின் பெயரை அவர் கேட்கவில்லை. பன்னிறக் கம்பளிநூற் சிட்டங்களைக் குவித்து, ஒன்றைக் காட்டி, இதனை ஒத்தவற்றைப் பொறுக்குக என்றார். பெயர் அறியாதவனும் கண் இருந்தால் பொறுக்குவான். பெயர் அறிந்தவனும் கண் மயங்கினால் பிழைப்பான்.

அன்றே என் மாணவன் முன் நான்கு நூற்கண்டுகளை இட்டு விளையாடியிருந்தால், அறியாமை அவனுடையதன்று, என்னுடையது என்று கண்டிருப்பேன். ஆண்மக்களிடமே இக்குறை மிகுதி. பெரும்பாலும் தாய்வழி வருவது. தாய்க்கு அது வெளிப்படாமலும் இருக்கலாம்.

ஆகவே, இன்று வீடு சென்றதும் துணித்துண்டுகளைக் கொட்டி, "இதுபோல் எடு கண்ணே" என்று மட்டும் சொல்லுங்கள். எடுத்தபின், "இது சிவப்பு" என்று நீங்களே பெயர் கூறுங்கள். நான்கைந்து அகவைக்குப் பின்னும் பச்சையும் பழுப்பும் ஒரே குவியலில் சேருமாயின், கண் மருத்துவரிடம் காட்டுங்கள். அத்தகைய பிள்ளைக்கு வண்ணக்கோல் ஒவ்வொன்றன்மேலும் அதன் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டிக் கொடுங்கள்.