கைக்கேற்ற பேனா



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையிலும் விடைத்தாள்களிலும் எழுதிய கை என்னுடையது. ஓய்வு பெற்றபின் விரல் மூட்டுகளில் வலி கண்டது. மெல்லிய பேனாவை இறுகப் பற்றிப் பத்து வரி எழுதுவதற்குள் கை ஓய்ந்துவிடும். பருமனான பேனாவாயின் விரல்களை அவ்வளவு மடக்க வேண்டியதில்லை என்றார் மருத்துவர். கடைகளில் கிடைத்தவை யாவும் ஏறத்தாழ ஒரே பருமன். ஆகவே, பேனாவைக் கையால் கடைந்து தரும் பட்டறை ஒன்றை நாடித் திருவள்ளூர் சென்றேன்.

அங்கிருந்த முதிய தொழிலாளர் ஒரு காகிதத்தை நீட்டி, "ஐயா, உங்கள் பெயரை எழுதுங்கள்" என்றார். நான் எழுதுகையில் அவர் எழுத்தைப் பார்க்கவில்லை, விரல்களையே பார்த்தார். பின்னர் பல பருமனுள்ள துண்டுகளைப் பிடிக்கச் செய்து, பிடிக்கும் இடத்துக்கு 14 மில்லிமீட்டர், உடலுக்கு 19 மில்லிமீட்டர் என்று குறித்துக்கொண்டார்.

நான் விரும்பியது இரு முனைகளும் தட்டையான பழைய பாணிப் பேனா. அமெரிக்காவில் பார்க்கர் நிறுவனம் 1921-ஆம் ஆண்டில் வெளியிட்ட டுயோபோல்டு என்னும் பெரிய பேனா அப்பாணிக்குப் பேர்பெற்றது. நம் நாட்டிலும் ராஜமுந்திரியில் ரத்னம் பேனாத் தொழில் 1932-இல் தொடங்கியது. அன்றும் இன்றும் இவ்வகைக் கைத்தொழிலுக்கு உகந்த பொருள் எபோனைட். சாதாரண ரப்பரில் சிறிதளவே கந்தகம் சேரும். நூற்றுக்கு முப்பது பங்கு அளவில் சேர்த்து நெடுநேரம் சூடாக்கினால் ரப்பர் கருங்காலி மரம்போல் இறுகிவிடுகிறது. பெயரும் அதனால் வந்ததே.

எபோனைட் தண்டைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தினார். உளி பட்டதும் கருஞ்சுருள்கள் உதிர்ந்தன. கந்தக வாடை எழுந்தது. முதலில் உள்ளே துளையிட்டார்; பிறகு மரை வெட்டினார்; இறுதியில்தான் புறத்தைக் கடைந்து மெருகிட்டார். இப்பேனாவில் தனி மைக்குழாய் கிடையாது, உடலே மைக்கூடு. ஆகையால் மரை மயிரிழை பிசகினாலும் மை கசியும். கண்ணுக்குத் தெரியாத அந்த மரைக்கே அவர் மிகுதியான நேரத்தைச் செலவிட்டார்.

நிப்பின் அடியில் நாக்கு என்றொரு பகுதி உண்டு. மை கீழிறங்கவும் காற்று மேலேறவும் அதிலுள்ள நுண்ணிய கால்வாய்களே வழி. இத்தகைய அமைப்புக்கு லூயிஸ் வாட்டர்மன் 1884-இல் காப்புரிமை பெற்றார்.

ஒரு வாரம் சுகமாக எழுதினேன். ஒருநாள் தாளில் பெரிய மைத்துளி விழுந்தது. தொழிலாளரிடம் காட்டினேன். "மரையில் குற்றமில்லை ஐயா, உங்கள் கைச்சூடு" என்றார். கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு பாகை செல்சியஸ் வெப்பம் ஏறினால் காற்று ஏறத்தாழ 300-இல் ஒரு பங்கு விரியும். என் பேனா கொள்வது 6 மில்லிலிட்டர் மை. பாதி தீர்ந்தால் 3 மில்லிலிட்டர் காற்று. பத்துப் பாகை ஏறினால் அது 0.1 மில்லிலிட்டர், அதாவது இரண்டு துளி மையை வெளியே தள்ளும்! பெரிய பேனாவின் பெருமையே அதன் இடரும் ஆகிறது. பாதி தீருமுன் நிரப்பிவிடுவதே பரிகாரம்.

ஆனால் அந்தப் பட்டறையில் நான் கற்றது இதனினும் பெரிது. என் வகுப்பில் பேனாவைக் கோணலாக மடக்கிப் பிடித்து எழுதிய மாணவன் ஒருவன் இருந்தான். பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்பித்த முறைப்படி அவன் பிடிக்கவில்லையென்று ஓராண்டு முழுதும் கடிந்துகொண்டேன். அவன் எழுத்தைத்தான் பார்த்தேன். கையை ஒருநாளும் பார்க்கவில்லை. அந்த முதியவரோ முதற்கணத்திலேயே என் கையைப் பார்த்தார்.

புதிய பேனாவால் நான் எழுதிய முதல் கடிதம் அந்த மாணவனுக்குத்தான். மூன்று பக்கம் எழுதியும் கை வலிக்கவில்லை. விடை இன்னும் வரவில்லை, காத்திருக்கிறேன்.