அனுமன் ரெண்டு தடவை லேட்: பின்நவீனத்துவம், ஒரு அறிமுகம்

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த மெயில்கள்ல பாதி ஒரே கேள்விதான். "போஸ்ட்மாடர்னிசம் போஸ்ட்மாடர்னிசம்னு சொல்றீங்களே, அப்படின்னா என்ன? பத்து நிமிஷத்துல சொல்லுங்க." முழுசா சொல்ல பத்து நிமிஷம் பத்தாது. ஆனா ஒரு மலையிலிருந்து ஆரம்பிச்சா கொஞ்சம் சுலபம்.

தர்மபுரி மாவட்டம், அரூர் பக்கத்துல தீர்த்தமலை. மேல ஏறினா தீர்த்தகிரீஸ்வரர் கோயில், பாறையிலிருந்து விழற ராம தீர்த்தம். தலபுராணம் என்ன சொல்லுதுன்னா, ராவணனைக் கொன்ன பாவம் தீர ராமன் இங்க சிவபூஜை பண்ண வர்றான். காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவர அனுமனை அனுப்புறான். நேரம் ஆகுது, அனுமனைக் காணோம். ராமன் மலையில ஒரு அம்பு விடுறான், தண்ணி பீறிட்டு வருது, பூஜை முடிஞ்சிடுது. லேட்டா வந்த அனுமன் கோவத்துல தான் கொண்டுவந்த தீர்த்தத்தை வீசி எறியறான். அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையில இருக்கு. ஊர் பேரே அனுமன்தீர்த்தம்.

எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? ராமேஸ்வரம். அங்கயும் அதே பாவம், அதே பூஜை. லிங்கம் கொண்டுவர அனுமன் கயிலாயம் போறான், லேட் ஆகுது. சீதை மணல்லயே லிங்கம் பிடிச்சிடறா. அங்கயும் அனுமனுக்குக் கோவம்.

என்னோட இன்ஜினியர் மூளை உடனே பக் ரிப்போர்ட் போட்டுச்சு. ராமன் பாவத்தை எங்கதான் தீர்த்தான்? எது ஒரிஜினல், எது காப்பி? படிக்கட்டுல பூ வித்துட்டிருந்த அம்மாகிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சாங்க. "அங்கயும் லேட்டு, இங்கயும் லேட்டு. அவருக்கு என்ன ஒரே ஒரு வேலையா தம்பி?"

அவங்களுக்கு ரெண்டு கதையும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதுல எந்தப் பிரச்சனையும் இல்ல. எனக்குத்தான் பிரச்சனை. ஆபீஸ்ல நாங்க அடிக்கடி சொல்ற வார்த்தை 'சிங்கிள் சோர்ஸ் ஆஃப் ட்ரூத்'. ஒரு தகவல் ரெண்டு இடத்துல ரெண்டு விதமா இருந்தா ஒண்ணை அழிக்கணும். இதுதான் நவீனத்துவ மனசு. பகுத்தறிவு இருக்கு, அறிவியல் இருக்கு, சரியான ஒரு ப்ளூபிரிண்ட் போட்டா எல்லாருக்கும் நல்ல வாழ்க்கை கிடைச்சிடும்ங்கற நம்பிக்கை. கிண்டலா சொல்லல, தடுப்பூசியும் அரசியல் சட்டமும் அந்த நம்பிக்கையில வந்ததுதான்.

அதே நம்பிக்கையில அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல ஏழைகளுக்காக 33 அடுக்குமாடிக் கட்டடம் கட்டினாங்க. ப்ரூயிட்-ஐகோன்னு பேரு. நிபுணர்கள் வரைஞ்ச பிளான். இருபது வருஷம்கூட தாங்கல, 1972ல வெடிவச்சு இடிக்க ஆரம்பிச்சாங்க. நவீனக் கட்டடக்கலை செத்த தேதியே அதுதான்னு சார்லஸ் ஜென்க்ஸ் எழுதினார், நேரம்கூட போட்டார். (சென்னைக்காரங்களுக்குப் பெரும்பாக்கம் ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்ல.)

1979ல ஃபிரெஞ்சு தத்துவவாதி லியோத்தார் 'போஸ்ட்மாடர்ன் கண்டிஷன்' எழுதறார். நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, அது கனடாவின் கியூபெக் அரசாங்கத்துக்காக எழுதின ஒரு அறிக்கை. கம்ப்யூட்டர் வந்த பிறகு அறிவு என்ன ஆகும்ங்கறதுதான் கேள்வி. அதுல அவர் சொன்னதைச் சுருக்கினா, முன்னேற்றம், புரட்சி, விடுதலைன்னு எல்லாத்தையும் ஒரே கதைக்குள்ள அடக்குற பெருங்கதையாடல்கள் மேல நம்பிக்கை போயிடுச்சு. அந்த அவநம்பிக்கைதான் பின்நவீனத்துவம். எழுதினவன் நினைச்ச அர்த்தம்தான் கடைசி அர்த்தம் இல்லன்னு ரோலான் பார்த் 1967லயே சொல்லியாச்சு. தெரிதாவை இன்னைக்குத் தொடல, தொட்டா எபிசோட் முடியாது.

கலாச்சாரத்துல இது எப்படித் தெரியும்? 2019 மே மாசம் நேசமணிக்காக உலகமே பிரார்த்தனை பண்ணுச்சே, அதுதான். 2001ல வந்த 'ஃபிரண்ட்ஸ்' படத்துல வடிவேலு பண்ணின கான்ட்ராக்டர் நேசமணி தலையில சுத்தியல் விழுந்துச்சு. பதினெட்டு வருஷம் கழிச்சு, இல்லாத ஒரு மனுஷனுக்காக ட்விட்டர்ல ட்ரெண்டிங். படமே பார்க்காதவங்களும் உடல்நிலை விசாரிச்சாங்க. அசல்னு ஒண்ணு தேவையே படாத நகல் பத்தி போத்ரியார் 1981லயே புத்தகம் போட்டார். 'மேட்ரிக்ஸ்' படத்துல நியோ டிஸ்க் ஒளிச்சு வைக்கிற புத்தகம் அதுதான்.

இலக்கியத்துல நமக்கு இது இறக்குமதிச் சரக்கு மட்டும் இல்ல. தமிழவனோட 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985ல வந்தது. 1998ல சாரு நிவேதிதாவோட 'ஸீரோ டிகிரி'. அதுல எண்கள் வந்தா கூட்டுத்தொகை ஒன்பதா வரணும்னு ஒரு விதி. அதனால 'ஒரு'ங்கற வார்த்தையைக்கூட தவிர்க்கணும். தமிழ்ல 'ஒரு' இல்லாம ஒரு பக்கம் எழுதிப் பாருங்க, தெரியும் (இந்த வாக்கியத்துலயே ரெண்டு தடவை வந்துடுச்சு). ஆனா எனக்கு முக்கியமா படறது 1990கள்ல அ. மார்க்ஸ், ரவிக்குமார் எல்லாம் நடத்தின 'நிறப்பிரிகை' பத்திரிகை. அவங்க பின்நவீனத்துவத்தை விளையாட்டா எடுத்துக்கல. தலித் அரசியல் பக்கத்துல கொண்டுபோய் வச்சு, நாம படிச்ச வரலாறு யார் சொன்னதுன்னு கேட்டாங்க.

திரும்ப அனுமன்கிட்ட வர்றேன். மைசூர்ல பிறந்து சிகாகோவுல பாடம் நடத்தின ஏ.கே. ராமானுஜன், சங்கக் கவிதைகளை இங்கிலீஷுக்குக் கொண்டுபோனவர், 'முந்நூறு ராமாயணங்கள்'னு ஒரு கட்டுரை எழுதினார். ஆரம்பத்துல ஒரு கதை வரும். ராமனோட மோதிரம் தரையில ஒரு ஓட்டை வழியா பாதாளத்துல விழுந்துடுது. தேடிப்போன அனுமன்கிட்ட அங்கத்து ராஜா ஒரு தட்டை நீட்டறார். தட்டு நிறைய மோதிரம். எல்லாமே ராமன் மோதிரம், ஒவ்வொண்ணும் வேற வேற ராமனோடது. மூலம் ஒண்ணு, மத்ததெல்லாம் திரிபுன்னு பார்க்காதீங்க, ஒவ்வொண்ணும் ஒரு சொல்முறைன்னு பாருங்கங்கறார் ராமானுஜன். அவர் தன்னைப் பின்நவீனத்துவவாதின்னு சொல்லிக்கல. ஆனா பூக்கார அம்மா சொன்னதும் இவர் சொன்னதும் ஒண்ணுதான். 2011 அக்டோபர் 9ஆம் தேதி டெல்லி பல்கலைக்கழகம் இந்தக் கட்டுரையைப் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துடுச்சு.

ஸ்கிரிப்டோட முதல் டிராஃப்ட் இங்கயே முடிஞ்சிடுச்சு. எல்லாக் கதையும் வாழட்டும், நன்றி, வணக்கம். அந்தத் தேதியைச் சரிபார்க்கும்போதுதான் இன்னொரு தேதி கண்ணுல பட்டுது. சரியா பத்து நாளைக்கு முன்னாடி, 2011 செப்டம்பர் 29. அன்னைக்குத் தர்மபுரி கோர்ட்ல வாச்சாத்தி தீர்ப்பு.

வாச்சாத்தி இதே அரூர் பக்கம்தான், சித்தேரி மலை அடிவாரம். மலையாளி பழங்குடியினர் வாழற ஊர். 1992 ஜூன் 20, சந்தனக்கட்டைக் கடத்தலைப் பிடிக்கறோம்னு வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் உள்ள வந்தாங்க. ஊரை அடிச்சு நொறுக்கினாங்க. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானாங்க. அதுக்கப்புறம் ஜெயிலுக்குப் போனது ஊர்க்காரங்க. 1995ல ஹைகோர்ட் உத்தரவுல சிபிஐ விசாரணைக்கு வந்துச்சு. குற்றம் சாட்டப்பட்டது 269 பேர். தீர்ப்பு வர்றதுக்குள்ள 54 பேர் இறந்துட்டாங்க. உயிரோட இருந்த 215 பேருக்கும் தண்டனை. 2023 செப்டம்பர் 29 அன்னைக்கு சென்னை ஹைகோர்ட் அதை உறுதிப்படுத்துச்சு.

இப்ப என் அழகான முடிவுரையை இங்க பொருத்திப் பாருங்க. அதிகாரிங்க தரப்பு ஒரு சொல்முறை, பெண்கள் சொல்றது இன்னொரு சொல்முறை, தட்டுல ரெண்டு மோதிரம். சொல்லும்போதே வாய் கூசுது. பின்நவீனத்துவத்து மேல பொதுவா வர்ற குற்றச்சாட்டே இதுதான். எல்லாமே கதைன்னா, பொய் சொல்றவனுக்கும் அதே ஸீட் கிடைச்சிடும். வாட்ஸப் காலத்துல இதை நான் விளக்கவே வேண்டாம்.

லியோத்தாருக்கும் இது தெரிஞ்சிருக்கு. 1983ல 'லெ டிஃபெரான்'னு ஒரு புத்தகம் எழுதினார். அது ஹிட்லர் காலத்துப் படுகொலையை மறுக்கறவங்களோட வாதத்திலிருந்து தொடங்குது. விஷவாயு அறை கொன்னுச்சுன்னா அதை நேர்ல பார்த்த சாட்சியைக் கொண்டா, உள்ள போய் செத்தவங்கதானே பார்த்திருக்க முடியும், ஆக சாட்சி இல்லங்கற வாதம். ஒருத்தருக்கு அநியாயம் நடந்திருக்கு, ஆனா அதைச் சொல்ல வேண்டிய மொழியும் விதியும் எதிராளி கையில இருக்கு. வாயைத் திறந்தாலே தோத்துடற நிலைமை. அதுக்குத்தான் லியோத்தார் அந்தப் பேர் வச்சார். கடத்தல்கேஸ் ஃபைல்ல இருக்கற பொண்ணு யாரு? குற்றவாளி. அந்த ஃபைலோட மொழியில அவங்க சொல்றது புகாரா பதிவாகாது.

தீர்த்தமலைக் கதை இருக்கறதால ராமேஸ்வரத்துக்கு ஒரு நஷ்டமும் இல்ல. வாச்சாத்தியில அப்படி இல்ல. பெண்கள் பொய் சொல்றாங்கன்னு வச்சாதான் அந்த ஃபைல் நிக்கும். ரெண்டையும் 'பன்மை'ன்னு ஒரே வார்த்தைக்குள்ள போடறதை நான் விட்டுட்டேன்.

இன்னொன்னு ஒத்துக்கணும். அரசாங்கக் கதையைச் சந்தேகப்படுன்னு தியரி சொல்லிக் கொடுத்துச்சு, சரி. கேஸை ஜெயிச்சது சாட்சி, அடையாள அணிவகுப்பு, விசாரணை, சட்டப்பிரிவு. எல்லாமே பழைய நவீனத்துவச் சாமான். கூடவே, பத்தொன்பது வருஷம் சொன்னதை மாத்தாத பெண்கள். இதுக்கு லியோத்தார் ஆளுங்க என்ன பதில் சொல்வாங்கன்னு இன்னும் யோசிச்சிட்டுத்தான் இருக்கேன். தெரிஞ்சவங்க மெயில் போடுங்க, சண்டை போடவும் வரலாம்.

அடுத்த எபிசோட் 'ஸீரோ டிகிரி'. படிச்சுட்டு வாங்க. உங்க ஊர்லயும் ராமனோ பாண்டவர்களோ வந்து போன கதை இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அனுமன் மூணாவது தடவை எங்கயாவது லேட்டா வந்திருக்காரான்னு எனக்குத் தெரியணும்.