வேம்பின் கசப்பு



ஐந்து நிமிஷம்தான் கொடுத்திருக்காங்க. தாவரவியல்காரனாகிய நான் வேப்பமரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எதிரி வந்தால் மரத்தால் ஓட முடியாது. நின்ற இடத்திலேயே ரசாயனம் தயாரித்துத்தான் பிழைக்க வேண்டும். வேப்பங்கொட்டையில் உள்ள அசாடிராக்டின் பூச்சியைத் தின்னவிடாது, தோலுரித்து வளரவும் விடாது. 1968-ல் பிரித்தெடுத்த இந்தப் பொருளை ஆய்வகத்தில் முழுசாக உருவாக்க 2007 ஆயிற்று. கேம்பிரிட்ஜ் குழுவுக்கு 22 வருஷ வேலை! நம் விடுதி வாசல் வேம்பு அதை வருஷா வருஷம் செய்து கீழே கொட்டுகிறது.

பூஞ்சைக்கு வேறு ஆயுதம். அசாடிராக்டினைப் பிரித்த பிறகு மிஞ்சும் எண்ணெயே சாம்பல் நோயைக் கட்டுப்படுத்தும். வேப்பெண்ணெயால் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு 1994-ல் அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பியக் காப்புரிமை வாங்கின. நம்ம விவசாயி கேட்டால் சிரிப்பார். ஆனால் அங்கே சிரிப்பு செல்லாது, சான்று வேண்டும். வந்தனா சிவா உள்ளிட்டோர் 1995-ல் எதிர்த்தார்கள். இந்தியாவில் முன்பே நடந்த வயல் சோதனைகள் சாட்சிக்கு வந்தன. 2000-ல் காப்புரிமை ரத்து. மேல்முறையீடும் 2005-ல் தள்ளுபடி.

உங்க ஊர்ப் பெரியவங்க எந்தச் செடியை எந்த நோய்க்குத் தெளிச்சாங்க என்று கேட்டு, ஊர்ப் பெயர், தேதியோடு எழுதி நம் துறைக்கு அனுப்புங்க. இலையும் ஒன்று வைத்து அனுப்பினால் நல்லது.