கண் மூடுமுன் காகிதத்தைச் சரிசெய்வோம்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் கட்சியின் முழுநேர ஊழியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்குக் கூலி உயர்வைப் பற்றியோ போனசைப் பற்றியோ பேச நான் வரவில்லை. முதுமையைப் பற்றியும் சாவைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சாவைப் பற்றிப் பேசினால் சாவு வந்துவிடாது. பேசாமல் விட்டால் நமக்குப் பின்னால் இருப்பவர்கள்தான் படாத பாடு படுவார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். ஸ்பின்னிங்கில் 26 வருஷம் நின்ற ஒரு தோழர். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மூன்றாம் மாதம் அவருடைய மனைவி ஒரு துணிப்பையோடு யூனியன் ஆபீசுக்கு வந்தார். பையில் மில் அடையாள அட்டை, ரேஷன் கார்டு, பழைய கல்யாணப் பத்திரிகை. விசாரித்தோம். பிராவிடண்டு பண்டில் தோழரின் பெயர் ஒரு மாதிரி. ஆதாரில் வேறு மாதிரி. நாமினி யார்? அவருடைய தாயார். அந்தத் தாயார் இறந்தே 9 வருஷம் ஆகியிருந்தது! வேலைக்குச் சேர்ந்த புதிதில், கல்யாணத்துக்கு முன்னால் எழுதிக் கொடுத்த காகிதம். கட்டிய மனைவியின் பெயர் எங்குமே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? கல்யாணத்துக்கு முன் கொடுத்த பி.எப். நாமினேஷன், கல்யாணம் ஆனதும் செல்லாது. புதிதாக எழுதித் தர வேண்டும். எழுதித் தராவிட்டாலும் பணம் குடும்பத்துக்குத்தான். அந்த அம்மாவுக்கு உரிமை இருந்தது. ஆனால் உரிமையை நிரூபிக்க வேண்டுமே! வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ், பெயர்த் திருத்தத்துக்கு மில் ஆபீஸ், பிறகு பி.எப். ஆபீஸ் என்று 14 மாதம் அலைந்தார். அந்த 14 மாதமும் அடுப்பு எரிய வேண்டாமா? கந்துவட்டிக்கு வாங்கினார். கடைசியில் பணம் வந்தது. வந்ததில் பெரும்பகுதி வட்டிக்காரன் வீட்டுக்குப் போயிற்று.

26 வருஷ உழைப்பு, தோழர்களே! ஒரு கையெழுத்து இல்லாத குறையால் வட்டிக்காரனுக்குப் போயிற்று. அந்தத் தோழர் என்னோடு எத்தனையோ ஸ்டிரைக்கில் நின்றவர். "நாமினேஷனைச் சரிபார்த்தாயா?" என்று நான் ஒருநாளும் அவரைக் கேட்டதில்லை. இன்று உங்களைக் கேட்கிறேன்.

முதலில் ஆலைத் தோழர்களுக்கு.

பி.எப்.பில் உங்கள் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் மூன்றும் ஆதாரில் இருப்பதுபோல் இருக்கின்றனவா? நாமினி யார்? இந்த வாரமே பாருங்கள். கம்ப்யூட்டர் தெரிந்த பிள்ளை வீட்டில் இல்லாவிட்டால் யூனியன் ஆபீசுக்கு வாருங்கள்.

அடுத்தது பென்ஷன். 1995 நவம்பர் 16 முதல் குடும்பப் பென்ஷன் திட்டத்துக்குப் பதிலாகத் தொழிலாளர் பென்ஷன் திட்டம் வந்தது. முதலாளி தரும் பங்கிலிருந்து 8.33 சதவீதம் இதற்குப் போகிறது. 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. கணக்கு எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 14,000 ரூபாய் சம்பளம், 15 வருஷ சர்வீஸ் என்றால் மாதம் 3,000 ரூபாய். அவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி.

இங்கே நம் இளைஞர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஒரு மில்லில் நாலு வருஷம் வேலை பார்ப்பது, நின்றதும் பணத்தை மொத்தமாக எடுப்பது, அடுத்த மில்லில் புதிதாகத் தொடங்குவது. எடுக்க எடுக்கச் சர்வீஸ் அழிந்துபோகிறது! அந்தப் 10 வருஷமும் ஒரே மில்லில் இருக்க வேண்டியதில்லை. பழைய கணக்கைப் புதிய மில்லுக்கு மாற்றினால் எல்லாம் சேரும். நடுவில் வேலை இல்லாவிட்டால் பென்ஷன் பணத்தை எடுக்காமல் சர்வீசுக்குச் சான்றிதழ் வாங்கி வைக்கலாம்.

குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். ஆயிரம் ரூபாயில் ஒரு கிழவனும் கிழவியும் மாதம் முழுக்க எப்படிச் சாப்பிடுவது? அதை உயர்த்தப் போராட வேண்டும். ஆனால் போராடி உயர்த்தினாலும், பெயர் சரியாக இருப்பவனுக்குத்தான் அது சுலபமாகக் கிடைக்கும்.

மூன்றாவது கிராஜுவிட்டி. 1972 சட்டத்தில் வந்த உரிமை இது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. 5 வருஷம் முடித்த நிரந்தரத் தொழிலாளிக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். 14,000 ரூபாய் சம்பளத்தில் 15 வருஷம் முடித்தவருக்கு 1 லட்சத்து 21 ஆயிரத்துக்கு மேல் வரும். இறந்துபோனால் 5 வருஷக் கணக்குக்கூடத் தேவையில்லை. இதற்கும் தனி நாமினேஷன் உண்டு.

நான்காவது, பலருக்குத் தெரியாதது. பி.எப்.பில் இருக்கும் தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால் இன்ஷூரன்ஸ் உண்டு. 1976-ல் வந்த திட்டம். தொழிலாளி ஒரு பைசா கட்டுவதில்லை, முதலாளி கட்டுகிறார். 7 லட்சம் வரை கிடைக்கும். கேட்டு வாங்காமல் விட்ட குடும்பங்கள் எத்தனையோ!

இனி விவசாயத் தொழிலாளர்களுக்கு வருகிறேன்.

"பி.எப்.பும் இல்லை, கிராஜுவிட்டியும் இல்லை. எங்களுக்கு என்ன காகிதம்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது.

60 வயதானால் முதியோர் உதவித்தொகை. இந்த ராஜ்யத்தில் 1962-ல் தொடங்கியபோது மாதம் 20 ரூபாய். 2023-ல் 1,200 ரூபாய் ஆயிற்று. இது யாரும் போடும் பிச்சையல்ல. நாற்பது வருஷம் நாற்று நட்டு ஊருக்குச் சோறு போட்டவர்களுக்கு உரியது. ஆனால் ஆதாரில் வயதைக் குறைத்து எழுதியிருந்தால் மனு நிற்காது. வயதைத் திருத்த 60 வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பாங்கு பாஸ் புத்தகத்தை ஒருமுறை பாருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது விபத்து இன்ஷூரன்ஸ்; விபத்தில் இறந்தால் 2 லட்சம். 436 ரூபாய் பிடித்திருக்கிறதா? அது ஆயுள் இன்ஷூரன்ஸ். எப்படி இறந்தாலும் 2 லட்சம். பணம் பிடித்தது குடும்பத்துக்கே தெரியாமல், கேட்கவும் ஆளில்லாமல் போகிறது.

பிறகு குடியிருக்கும் மனை. பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு 1971-ல் குடியிருப்பு மனைச் சட்டம் வந்து மனை சொந்தமாயிற்று. அப்படிப் பட்டா வாங்கிய தாத்தா இறந்து முப்பது வருஷம் ஆகியும் பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பேரன் வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால், "வாரிசுகள் எல்லோரும் வாருங்கள்" என்கிறார்கள். ஒருவர் திருப்பூரில், ஒருவர் கேரளத்தில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. தாத்தாவுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கி, தகப்பனுக்கு வாங்கி, பட்டாவை மாற்றுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே செய்தால், சாட்சி சொல்ல ஆள் இருக்கும்.

இனி எல்லோருக்கும் பொதுவான விஷயம். வீட்டை யாருக்கு, எப்படிக் கொடுப்பது?

உயில் என்பது நாம் செத்த பிறகுதான் நடைமுறைக்கு வரும். எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்; கடைசியாக எழுதியதே செல்லும். அதற்கு முத்திரைத்தாள் வேண்டாம். ரிஜிஸ்தர் செய்வது கட்டாயமில்லை, செய்தால் நல்லது. கையெழுத்து வராதவர் கைநாட்டு வைக்கலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். இஸ்லாமியத் தோழர்கள், வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

செட்டில்மெண்டு அப்படியல்ல. ரிஜிஸ்தர் ஆபீசில் எழுதிக் கொடுத்த அன்றே வீடு கைமாறிவிடும். "மகன்தானே பார்த்துக்கொள்வான்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டுத் திண்ணையில் ஒரு தட்டுச் சோற்றுக்குக் காத்திருக்கும் பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகன் கெட்டவன் என்று சொல்லவில்லை. அவனுக்கும் அரை வயிற்றுக் கூலிதான். ஆகவே, உயிரோடு இருக்கும்வரை தலைக்கு மேல் உள்ள கூரையை விட்டுவிடாதீர்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், "கடைசிவரை எங்களைப் பராமரிக்க வேண்டும், நாங்கள் இந்த வீட்டில் குடியிருப்போம்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007-ல் வந்த மூத்த குடிமக்கள் சட்டப்படி, நிபந்தனையை மீறினால் ஆர்.டி.ஓ. தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். பிள்ளைகளிடம் மாதப் பணமும் கேட்கலாம். அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதால், வாய்ப்பேச்சை நம்பாதீர்கள்.

உயில் எழுதாமல் இறந்தால்? 1956-ன் இந்து வாரிசுச் சட்டப்படி, ஓர் ஆண் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் தாய், எல்லோருக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ல் கல்யாணமாகாத பெண்களுக்கும், 2005-ல் இந்தியா முழுவதிலும் எல்லா மகள்களுக்கும் சட்டம் வந்தது.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் கூலிக்காரர். விட்டுப்போனது மூன்று சென்ட் மனையும் ஓட்டு வீடும். அவர் போன பிறகு, என் அக்காளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினோம். "உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே" என்றார்கள் உறவினர்கள். நான் பக்கத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. மேடையில் பெண்ணுக்குச் சம உரிமை என்று பேசுகிறவன்! அக்காள் ஒரு புடவையை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே கையெழுத்துப் போட்டாள்.

ஆறு வருஷம் கழித்து மாமா இறந்தார். இரண்டு பிள்ளைகளோடு வாடகை கொடுக்க முடியாமல், அவள் வந்து நின்றது அதே வீட்டு வாசலில்தான். "ஒரு ஓரம் கொடு தம்பி" என்று கேட்டாள். அவளுடைய வீட்டில் அவளே ஓரம் கேட்டாள்! பாதியை அவள் பெயருக்கு எழுதி வைத்தேன். அது நான் செய்த தர்மமல்ல. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். தம்பிமார்களே, அக்காள் தங்கையிடம் கையெழுத்து வாங்கும்முன் இதை நினைத்துப் பாருங்கள்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழவு வீட்டிலேயே கடன்காரன் வந்து உட்காருவான். வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பான். போடாதீர்கள்! இறந்தவர் விட்டுப்போன சொத்தின் அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. சொத்து இல்லையென்றால் பிள்ளை தன் கூலியிலிருந்து கட்டவேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பிள்ளையே ஜாமீன் போட்டிருந்தால் மட்டும் அது வேறு. யாருக்கு எவ்வளவு தரவேண்டும், யார் நமக்குத் தரவேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கருமாதிச் செலவுக்குக் கடன் வாங்க வேண்டாம் என்றும் அதிலேயே எழுதுங்கள். பெரியவர் வாக்கு என்றால் ஊர் வாயும் அடங்கும்.

கடைசியாக, ஆஸ்பத்திரி. பிழைக்க வழியுள்ள வியாதிக்கு முழு வைத்தியம் நம் உரிமை. ஏழை என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பிழைக்க வழியே இல்லாதபோது எந்திரத்தில் கிடத்தி இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்க 2018-ல் சுப்ரீம் கோர்ட் அனுமதித்தது. 2023-ல் முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெஜட்டில் பெயருள்ள அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். எழுதுவதும் எழுதாததும் அவரவர் இஷ்டம். ஆனால் உங்கள் விருப்பம் என்ன என்பதை வீட்டில் சொல்லி வையுங்கள். அந்த முடிவின் பாரத்தைப் பெற்ற பிள்ளையின் தலையில் மட்டும் வைக்காதீர்கள்.

தோழர்களே, இன்று இரவே வீட்டுக்குப் போய் ஒரு பையை எடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பி.எப். நம்பர், பாஸ் புத்தகம், பட்டா, பத்திரம், இன்ஷூரன்ஸ் ரசீது, கடன் நோட்டு எல்லாவற்றையும் அதில் போடுங்கள். மனைவியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றையும் காட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு காலையிலிருந்து யூனியன் ஆபீசில் நாங்கள் உட்கார்ந்திருப்போம். பையோடு வாருங்கள். சரிபார்ப்போம், மனு எழுதுவோம், தாலுகா ஆபீசுக்கும் கூடவே வருவோம்.

அன்று துணிப்பையோடு வந்த அந்த அம்மாவும் வருகிறார். நாமினேஷன் பாரம் எப்படி எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க, தானே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.