மூச்சு ரெகுலேட்டரும் உள்நாட்டுப் பட்டறையும்

வண்டன்மேட்டுக் கருத்தரங்கின் தலைமை உரை

கடல் கண்ணுக்கெட்டாத வண்டன்மேட்டில், ஏலத்தோட்டங்களுக்கு நடுவே, ஸ்கூபா எனப்படும் முக்குளிப்புக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்ய இயலுமா என்று ஆராயும் கருத்தரங்கு கூடியிருப்பது சிலருக்கு வியப்பளிக்கலாம் என்றாலும், இவ்விடத் தேர்வு பொருத்தமானதே என்பதை இவ்வுரையின் பிற்பகுதி காட்ட முயலும். இத்துறையில் பல்லாண்டுகள் உழைத்த அறிஞர்கள் நிறைந்த அவைக்குத் தலைமை தாங்குவது பெரும்பேறு. அவர்களுள் சிலர் நெடுங்காலமாக வலியுறுத்திவரும் கருத்தோடு இங்கு மாறுபட வேண்டியிருப்பதால் தயக்கமும் உடன் நிற்கிறது.

கருத்தரங்கின் பொதுப்பொருளைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. பற்றவைப்பு இணைப்பே இல்லாமல் ஒரே உடலாக உருவாக்கப்படும் தையலற்ற எஃகு சிலிண்டர்களை 1978இல் தொடங்கப்பட்ட எவரெஸ்ட் கான்டோ போன்ற நிறுவனங்கள் நாட்டிலேயே செய்கின்றன. அவற்றுக்கு ஒப்புதல் வழங்கும் பெசோ அமைப்பு நாகபுரியில் இயங்குகிறது. தீயணைப்போர் முதுகில் சுமக்கும் மூச்சுக்கருவிக்கு ஐ.எஸ். 10245 என்ற இந்தியத் தரநிலை உண்டு. கோவையின் எல்ஜி நிறுவனம் 1960 முதல் இயங்கிவருகிறது, அதன் கம்ப்ரசர்களை அறியாதவர் இல்லை. இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் முக்குளிப்பு உதவிக் கப்பலான நிஸ்தார், 2025 ஜூலை 18 அன்று விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. முகக்கண்ணாடி, துடுப்புக் காலணி, எடைப்பட்டை ஆகியவற்றில் விவாதத்துக்கே இடமில்லை. எஞ்சி நிற்பது ரெகுலேட்டர் ஒன்றே.

ரெகுலேட்டர் என்பது சிலிண்டரில் ஏறத்தாழ 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் காற்றை, மூழ்கியவர் உள்ளிழுக்கும்போது மட்டும், அவரைச் சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்துக்கு இறக்கித் தரும் வால்வு. பார் என்பது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு ஏறக்குறைய இணையான அலகு. சிலிண்டர் வாயில் பொருந்தும் முதல் கட்டம் காற்றைச் சுற்றுநீரின் அழுத்தத்தைவிட ஒன்பது, பத்து பார் மிகுதியாக இருக்கும் அளவுக்குக் குறைக்க, வாயில் கவ்வும் இரண்டாம் கட்டம் எஞ்சியதைக் குறைக்கிறது. இதைச் செய்ய நெடிய கடற்படை மரபும் மேலைநாட்டு நுண்பொறியியலும் இன்றியமையாதவை, ஆகவே இறக்குமதி தவிர்க்க இயலாதது என்ற முடிவு இத்துறையில் ஏறத்தாழ மரபாகவே நிலைபெற்றுவிட்டது. அம்முடிவு 1943ஆம் ஆண்டையும், அவ்வாண்டின் முக்குளிப்புக் கருவிக்குப் பெயர்பெற்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவையும் தொடக்கமாகக் கொள்ளும் வரலாற்றிலிருந்து பிறந்தது என்பதும், அவ்வரலாறு முழுமையற்றது என்பதும் இவ்வுரையின் வாதம்.

தேவைக்கேற்பக் காற்றுத் தரும் வால்வுக்கு 1860இலேயே காப்புரிமை பெற்ற பெனுவா ரூக்கைரோல் மாலுமி அல்லர். தென்பிரான்சின் எஸ்பாலியோன் என்னும் உள்நாட்டுச் சிற்றூரைச் சேர்ந்த சுரங்கப் பொறியாளர். நச்சுக்காற்று நிறைந்த சுரங்கத்தில் தொழிலாளி உயிரோடு மூச்சுவிட வேண்டும் என்பதே அவருடைய நோக்கமாக இருந்தது. கடற்படை அதிகாரி ஒகுஸ்த் தெனைரூஸ் அவரோடு சேர்ந்து, 1864இல் அக்கருவி நீருக்கடியில் பயன்படும் வடிவம் பெற்ற பிறகே அது கடலுக்குச் சென்றது. மென்சவ்வு ஒன்றின் இருபுறமும் உள்ள அழுத்த வேறுபாடே வால்வைத் திறந்து மூட வேண்டும் என்ற இன்றைய ரெகுலேட்டரின் அடிப்படை முழுவதும் அதில் அடங்கியிருந்தது. 1870இல் நூலாக வெளிவந்த கடலடிப் பயணப் புதினத்தில் ஜூல் வெர்ன் அக்கருவியைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருந்தும், கைநூல்கள் பலவற்றில் ரூக்கைரோல் ஓர் அடிக்குறிப்பாகச் சுருங்கிப்போனது வருந்தத்தக்கது.

1943ஆம் ஆண்டுக் கதையும் நுணுகிப் பார்த்தால் வேறு செய்தியைச் சொல்கிறது. கூஸ்தோவின் கருவியை உருவாக்கிய எமில் கான்யான், ஏர் லிக்விட் நிறுவனத்தின் பொறியாளர். போர்க்காலத்தில் பெட்ரோல் கிடைக்காத பிரான்சில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவில் ஓட்டுவதற்காக அவர் செய்திருந்த ரெகுலேட்டரே முக்குளிப்புக்கு ஏற்ப மாற்றப்பட்டது. முதல் வெள்ளோட்டமும் கடலில் நடக்கவில்லை, மார்ன் ஆற்றில் நடந்தது. மூழ்கியவர் நிமிர்ந்து நின்றபோது காற்று வீணாக வெளியேற, வெளிமூச்சுத் துளையைச் சவ்வின் மட்டத்துக்கு நகர்த்தியதும் குறை நீங்கியது. அங்கே தேவைப்பட்டது மைக்ரான் கணக்கிலான துல்லியம் அன்று, நீரழுத்தம் எங்கே எவ்வளவு என்ற தெளிவு.

வண்டி எரிவாயு ரெகுலேட்டரிலிருந்து பிறந்த கருவியை, சிஎன்ஜி ஆட்டோக்கள் நகரெங்கும் ஓடும் நாடு செய்ய இயலாது என்பது ஏற்கத்தக்கதா? சிஎன்ஜி சிலிண்டரின் இயங்கு அழுத்தமும் 200 பார்தான். அந்த ரெகுலேட்டர் நிலையான அழுத்தத்தைத் தர, முக்குளிப்பு ரெகுலேட்டரோ ஆழத்துக்கு ஆழம் மாறும் அழுத்தத்தைத் தர வேண்டும் என்ற மறுப்பு சரியானதே. உப்புநீர் அரிப்பும், காற்றுப்பாதையில் எண்ணெய் சிறிதும் படக்கூடாது என்ற கட்டாயமும் உண்மையே. ஆனால் இவை பொருள் தேர்வையும் பட்டறை ஒழுங்கையும் சார்ந்த தேவைகள். பித்தளை கடைந்து குரோமியம் பூசும் திறன் கோவையிலும் ராஜ்கோட்டிலும் இல்லை என்று எவரும் வாதிட இயலாது.

உண்மையான தடை வேறிடத்தில் உள்ளது. ஈஎன் 250 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படி, 50 மீட்டர் ஆழத்துக்கு இணையான அழுத்தத்தில், நிமிடத்துக்கு 62.5 லிட்டர் காற்று சென்று மீளும்போது, ஒரு லிட்டருக்கு ஆகும் மூச்சு உழைப்பு 3 ஜூல் அளவைத் தாண்டக்கூடாது. இதை அளப்பதற்கு அழுத்த அறைக்குள் மனித நுரையீரலைப் போல் இயங்கும் எந்திரம் வேண்டும். ரெகுலேட்டர் செய்ய முன்வரும் சிறு பட்டறைக்காரர் கட்டணம் செலுத்தித் தம் மாதிரியைச் சோதித்துக்கொள்ளும் பொதுச் சோதனைமேடை அமையாதவரை, அவர் செய்வது எவ்வளவு நன்றாக இருந்தாலும் நம்பி வாங்குவார் இல்லை. ஆழ்கடல் கருவிகளுக்கான உயரழுத்தச் சோதனை அறைகளை வைத்திருக்கும் சென்னை, பள்ளிக்கரணையின் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இதற்கு இயல்பான இடம்.

சோதனையற்ற உள்நாட்டுக் கருவியின் விளைவைத் தூத்துக்குடியும் மன்னார் வளைகுடாவும் அறியும். படகில் ஏற்றிய கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்றிழுத்துச் சங்கு குளிப்பவர்கள், எஞ்சின் புகையும் எண்ணெய் ஆவியும் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள். நெடுநேரம் ஆழத்தில் இருந்துவிட்டு விரைந்து மேலேறும்போது இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகப் பிரிந்து உடல் முடக்கத்தையும் சாவையும் கொண்டுவருகிறது. 1960களில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் அதே தூத்துக்குடிக் கடலடியை மூழ்கி ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள், பார் எனப்படும் கடலடிப் பாறைத்திட்டுகளின் சூழலியலுக்காக மட்டுமே மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆய்வாளருக்கு அன்றே கிட்டிய கருவி, அரை நூற்றாண்டுக்குப் பின்னும் சங்கு குளிப்பவருக்கு எட்டாத விலையில் இருப்பதை இத்துறை எழுதாமல் விட்டது பெருங்குறை. உள்நாட்டு உற்பத்தி வேண்டும் என்பதற்கு அந்நியச் செலாவணிக் கணக்கைவிட வலுவான காரணம் இதுவே.

மலைநாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டபோது, கொச்சியிலிருந்து கடற்படை முக்குளிப்போர் மலையேறி வரவேண்டியிருந்தது. 1895இல் முல்லைப் பெரியாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் உருவான அந்நீர்த்தேக்கம் கடல்மட்டத்துக்கு 850 மீட்டருக்கு மேல் இருப்பதால், அங்கே காற்றழுத்தம் கடலோரத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு; கடல்மட்டத்துக்கென வகுத்த மேலேற்ற அட்டவணையைப் பயன்படுத்துவோர், அங்கே 30 மீட்டர் மூழ்கினால் 33 மீட்டருக்கு உரிய எச்சரிக்கையோடு மேலேற வேண்டும். இத்திருத்தத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டு மீட்புப் பணியாளர் கையில் தருவதற்கு எந்தத் தொழிற்சாலையும் தேவையில்லை.

முழுக் கருவித்தொகுதியையே முதல் இலக்காக வைக்கும் திட்டங்களோடு இவ்வுரை உடன்படவில்லை. ஆண்டுதோறும் பராமரிப்பின்போது மாற்றப்படும் ரப்பர் வளையங்கள், வால்வு இருக்கைகள், சவ்வுகள், வாய்ப்பிடிகள் ஆகியவற்றுக்காகவே நல்ல ரெகுலேட்டர்கள் மாதக்கணக்கில் முடங்குகின்றன. ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருக்க, ரப்பரைப் பதப்படுத்தியும் வார்த்தும் பழகிய கைகள் இம்மலைச்சரிவு நெடுகிலும் இருக்க, உதிரிபாகங்களில் தொடங்குவதே முறை. அதற்குப் பிறகு சோதனைமேடை, அதற்கும் பிறகே முழு ரெகுலேட்டர். இவ்வரிசையை மாற்ற விரும்பும் முதல் அமர்வின் கட்டுரையாளர்கள், சோதனைமேடை இல்லாத நிலையில் முதல் ரெகுலேட்டரை எவர் வாயில் வைத்துச் சோதிப்பது என்பதற்கு இன்று முற்பகலிலேயே விடை கூறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.