அனுப்பப்படும் வரை

(யூபிலி ஆண்டில் பங்கு இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் நாம் நம் மலைக்கு வந்தவர்களை நன்றியோடு நினைக்கிறோம். 1917-இல் மான்போர்ட் பள்ளியைத் தொடங்கிய கபிரியேல் சபைச் சகோதரர்களை நினைக்கிறோம். திரு இருதயப் பள்ளியில் நம் பெண் மக்களுக்கு அறிவுக்கண் திறந்த குளூனி கன்னியரை நினைக்கிறோம். 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயராக வந்த புரூனியே ஆண்டகையை நினைக்கிறோம். அவர் பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்தவர். இப்படிப்பட்டவர்கள் வந்த பிறகு செய்த பணிகள் நமக்குத் தெரியும். வருவதற்கு முன் அவர்கள் காத்திருந்த காலத்தை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இன்று அதைப் பற்றியே பேச விரும்புகிறோம். ஏனெனில், வெளிநாட்டில் தொண்டு செய்ய விண்ணப்பம் போட்டுவிட்டு, எந்த நாடு, எந்த மாதம் என்று தெரியாமல் காத்திருக்கும் இளைஞர்கள் நம்மிடையேயும் உண்டு. தபால்காரரைக் கண்டாலும், கைப்பேசி ஒலித்தாலும் அவர்கள் நெஞ்சு துடிக்கிறது. பூசை முடிந்து வெளியே வந்தால், "என்னப்பா, இன்னும் கூப்பிடவில்லையா?" என்ற கேள்வி வேறு!

நம் புனித சவேரியாரைப் பாருங்கள். இந்தியாவுக்கென்று முதலில் குறிக்கப்பட்டவர் அவரல்லர், பொபதில்லா என்பவர். அவர் நோயுற்றதால் 1540-இல் சவேரியார் அனுப்பப்பட்டார். லிஸ்பன் நகரை அடைந்தார். கப்பல் உடனே கிடைக்கவில்லை. ஏறத்தாழ ஒன்பது மாதம் அங்கே தங்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் அவர் சிறையில் இருந்தவர்களைச் சந்தித்தார், ஞானோபதேசம் கற்பித்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். 1541 ஏப்ரல் 7-இல் கப்பலேறியவர் கோவா வந்து சேர்ந்தது 1542 மே 6-இல். அவரோடு இந்தியாவுக்கென்று நியமிக்கப்பட்ட சீமோன் ரொட்ரிகஸ் அடிகளாரையோ அரசர் போர்த்துக்கல்லிலேயே நிறுத்திக்கொண்டார். ஒரே அழைப்பு, ஒரே ஊரில் காத்திருப்பு. ஒருவர் புறப்பட்டார், மற்றவர் தங்கினார். இருவருமே இறைவனின் ஊழியர்கள்தாம்.

சவேரியாரின் அடிச்சுவட்டில் செல்ல விரும்பிய சேசு சபைத் துறவிகள் தங்கள் தலைவருக்கு உரோமைக்கு மடல் எழுதுவது வழக்கம். அப்படி எழுதிய விண்ணப்பங்கள் பதினாலாயிரத்துக்கும் மேல் இன்றும் அங்கே பாதுகாக்கப்பட்டு வருகின்றன. பதில் வராமல் மீண்டும் மீண்டும் எழுதியவர்கள் உண்டு. கடைசிவரை அனுப்பப்படாதவர்களோ மிகப் பலர். நம் வீரமாமுனிவர் சபையில் சேர்ந்தது 1698-இல். இந்தியாவுக்குப் புறப்பட்டது 1710-இல். இடையே பன்னிரண்டு ஆண்டுகள் படிப்பிலும் பயிற்சியிலும் கழிந்தன. பிற்காலத்தில் தேம்பாவணியையும் சதுரகராதியையும் தந்த மனிதருக்கு அந்த ஆண்டுகள் வீணானவை என்று யார் சொல்வார்?

பாரிஸ் வேதபோதக சபையின் பழைய வழக்கம் இன்னும் கடுமையானது. அங்கே பயின்றவர்கள் நாட்டைத் தாங்களே தேர்ந்தெடுக்கவில்லை. சீனமோ, வியத்நாமோ, நம் புதுச்சேரியோ, எதுவாயினும் குருப்பட்டம் பெறும் தறுவாயில்தான் அறிவிக்கப்படும். பிறகு புறப்பாட்டு வழிபாடு நடக்கும். போகிறவர்கள் பீடத்தின் முன் நிற்க, தங்குகிறவர்கள் ஒவ்வொருவராய் வந்து அவர்கள் பாதங்களை முத்தமிடுவார்கள். திரும்பி வருவோம் என்ற எண்ணம் பெரும்பாலோருக்கு இல்லை.

இனி, போகாமலே நின்ற ஒருவரைச் சொல்ல வேண்டும். லிசியே கார்மேல் மடத்தில் இருந்த குழந்தை தெரேசம்மாள், வியத்நாமின் ஹனோய் நகரத்து மடத்துக்குச் செல்ல ஆசைப்பட்டார். காசநோய் குறுக்கே வந்தது. 1897-இல் தமது 24-ஆம் வயதில் அதே மடத்தில் மரித்தார். மறைபரப்புக் குருக்களுக்காகச் செபித்தார், மடல் எழுதினார், அவ்வளவே. அவரையே 1927-இல் பதினோராம் பத்திநாதர் பாப்பரசர் சவேரியாருக்கு இணையாக மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். கடல் கடந்தவருக்கும் கடவாதவருக்கும் திருச்சபை ஒரே ஆசனம் கொடுத்தது!

இக்காலத்தில் பொதுநிலையினரும் போகிறார்கள். 1970-இல் ஐக்கிய நாடுகள் பேரவை தொண்டர் அமைப்பு ஒன்றை ஏற்படுத்தியது. 1980-இல் அருட்தந்தை அருப்பே அகதிகளுக்கான சேசு சபைப் பணியைத் தொடங்கினார். பாரிஸ் வேதபோதக சபையும் இப்போது பிரெஞ்சு இளைஞர்களை ஆசிய நாடுகளுக்குத் தொண்டர்களாக அனுப்பி வருகிறது. எந்த அமைப்பானாலும் விண்ணப்பம், நேர்முகம், மருத்துவச் சோதனை, காவல்துறைச் சான்று, விசா என்று படிகள் பல. எல்லாப் படியும் ஏறிய பிறகும், நம் திறமை தேவைப்படும் இடம் ஒன்று திறக்க வேண்டும். அழைப்பு தாமதமானால் நம்மை வேண்டாம் என்று தள்ளிவிட்டதாக எண்ணி மனம் உடைய வேண்டாம். அதே வேளையில், "பணம் கட்டினால் நாளையே இடம் தயார்" என்று சொல்லும் தரகரிடம் ஏமாறவும் வேண்டாம். தொண்டு வேறு, சம்பள வேலை வேறு என்பதை வீட்டாருக்கும் முன்கூட்டியே விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

தோட்டத்தில் உழைக்கும் நம் மக்களுக்கு இது புதிதல்ல. நாற்றங்காலில் முளைத்த காப்பி நாற்றை யாரும் அன்றே மலைச்சரிவில் நடுவதில்லை. நிழலில் வைத்து, நீர் ஊற்றி, வேர் பிடித்தபின் மழைக்காலம் பார்த்து நடுகிறோம். நட்ட பிறகும் பலன் காண மூன்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே, காத்திருக்கும் இளைஞர்களே, லிஸ்பனில் சவேரியார் செய்ததை ஏற்காட்டில் செய்யுங்கள். லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலையில் பாடம் சொல்லிக் கொடுங்கள். சேர்வராயன் மலைக் கிராமங்களில் தனித்திருக்கும் முதியோரைப் போய்ப் பாருங்கள். முதலுதவி, சமையல், வேற்றுமொழி ஒன்று கற்றுக்கொள்ளுங்கள். அருகில் இருப்பவருக்கு உதவப் பழகாத கை, தூரதேசத்தில் திடீரென்று உதவக் கற்றுக்கொள்ளாது.

பெற்றோர்களே, பங்கு மக்களே, நமக்கும் ஒரு கடமை உண்டு. "இன்னும் போகவில்லையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, பெயர் சொல்லிப் பூசையில் செபிப்போம். அழைப்பு வந்தால் கண்ணீரோடானாலும் வழியனுப்புவோம். வராவிட்டால் அதே மரியாதையோடு நம்மிடையே வைத்துக்கொள்வோம். பிறர் பெற்ற பிள்ளைகளை நாம் இத்தனை காலம் பெற்றுக்கொண்டோம். இனி நம் பிள்ளைகளைக் கொடுக்கும் முறை நம்முடையது.

காத்திருப்போரை இறைவன் திடப்படுத்துவாராக! இயேசுவின் திரு இருதயம் நம் பங்கை ஆசீர்வதிப்பதாக!