பொறுப்பைப் பிள்ளையிடமே விடுங்கள்



நம் கோவில்பட்டிக் கரிசல் பூமியில் ஒரு தலைமுறைக்கு முன்பு சிறு பிள்ளைகள்கூடத் தீக்குச்சி அடுக்கி, தீப்பெட்டி ஒட்டிக் குடும்பத்தைத் தாங்கினர். அது பெரும் அநீதி. 14 வயதிற்குட்பட்டோரைத் தீப்பெட்டி ஆலைகளில் வேலைக்கு வைப்பதை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

அன்று குச்சி அடுக்கியவர்களே இன்று பெற்றோர். 'நாங்கள் பட்டது போதும்' என்று பிள்ளையின் சொந்த வேலைகளையும் தாமே செய்கின்றனர். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனைச் சுப்ஹுக்கு எழுப்புவதும் தாய். அவன் உண்ட தட்டைக் கழுவுவதும் தாய்! கூலிச்சுமை வேறு, பொறுப்பு வேறு அல்லவா?

நபி (ஸல்) அவர்களுக்குச் சிறுவயதிலேயே பணிவிடை செய்தவர்கள் அனஸ் (ரலி). ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பியபோது, 'போகமாட்டேன்' என்றார்கள். மனத்திலோ போகும் எண்ணமே இருந்தது. (நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானே!) புறப்பட்டவர்கள், கடைவீதியில் சிறுவர்கள் விளையாடுவதைக் கண்டு நின்றுவிட்டார்கள். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பற்றியது. திரும்பினால், நபியவர்கள் சிரித்தபடி நிற்கிறார்கள்! சொன்ன இடத்திற்குப் போனாயா என்று வினவினார்கள். 'இதோ போகிறேன்' என்றார்கள் அனஸ் (ரலி).

நபியவர்கள் ஏசவில்லை. கொடுத்த வேலையைத் திரும்பப் பெறவுமில்லை.

பெற்றோர்களே! வீட்டு மளிகைக் கணக்கை ஒரு மாதம் உங்கள் 15 வயது மகனிடமோ மகளிடமோ ஒப்படையுங்கள். மாதக் கடைசியில் சீனி தீர்ந்துவிட்டால், அன்றைய தேநீர் சீனியின்றியே இருக்கட்டும். நீங்கள் கடைக்கு ஓடாதீர்கள். ஏசவும் வேண்டாம். சிரித்த முகத்துடன், 'கடைக்குப் போனாயா?' என்று மட்டும் கேளுங்கள்.